பெயரிடும் ஆசை

பிராணிகளுக்கெல்லாம் ஆதாம் பெயரிட்டான் என்று வேதாகமம் கூறும். அவ்வாசை ஒருமுறை என்னையும் பற்றிக்கொண்டது.

மலைச்சரிவொன்றில், ஈரமான மரப்பட்டையின் கீழ், மெலிந்து நீண்ட எட்டுக் கால்களையுடைய சிறு பிராணியொன்றைக் கண்டெடுத்தேன். சிலந்தியைப் போலத் தோன்றினும் அது சிலந்தியன்று. அதன் உடல் இடை சுருங்காது ஒரே திரளாயிருக்கும். நஞ்சுமில்லை, வலை பின்னும் நூலுமில்லை. ஆங்கிலேயர் இதனை 'அறுவடைக்காரன்' என்பர். நூலோர் இவ்வரிசைக்கு வழங்கும் 'ஒபிலியோனிஸ்' என்னும் பெயரோ, ஆட்டிடையனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது.

ஜெர்மனி தேசத்துக் கார்ல் பிரீட்ரிக் ரோவர் என்பார் 1923ஆம் ஆண்டில் இப்பிராணிகளைப் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். பாதக் கணுக்களின் எண்ணிக்கை, முதுகிலுள்ள முட்களின் அமைப்பு முதலிய சில அடையாளங்களைக் கொண்டே அவர் பேரினங்களைப் பிரித்தார். யானும் நுண்ணோக்கியின் கீழ் ஒரு காலை வைத்துக் கணுக்களை எண்ணினேன். அவர் கூறிய பேரினம் எதனோடும் அது பொருந்தவில்லை. என் உவகைக்கு அளவுண்டோ! நம் கல்லூரியின் பெயரையே இலத்தீனாக்கிப் புதிய பேரினத்திற்குச் சூட்டவும் துணிந்தேன்.

எழுதியதை ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் பொறுமையுடன் வாசித்து, "தம்பி, மற்றைப் பக்கத்துக் காலையும் எண்ணினீரா?" என்றார். எண்ணவில்லை. அன்றிரவே எண்ணினேன். இடக்காலில் பதினொன்று, வலக்காலில் பன்னிரண்டு! ஒரே உடலில் இரண்டு பேரினங்கள் வாழுமோ?

ரோவர் வகுத்த பேரினங்கள் பலவற்றைப் பின்வந்தோர் ஒன்றோடொன்று இணைத்துவிட்டனர் என்பதைப் பின்னரே கற்றேன். இக்காலத்தார் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் நுண்ணமைப்பையும் ஆராய்ந்து உறவு காண்கின்றனர். 1930ஆம் ஆண்டுக்குப் பின் வெளியாகும் பேரினப் பெயர் செல்லுபடியாக வேண்டுமாயின், வேறுபடுத்தும் இலக்கணங்களைக் கூறுவதோடு, அதற்கு மாதிரியான இனம் இன்னதென்றும் குறிப்பிடல் வேண்டும். பழைய மாதிரிகளோடு ஒப்பிடாது புதியதென்று சாதிப்பது, ஊராரை விசாரியாமல் ஒருவனை அநாதை என்பதற்கு ஒப்பாகும்.

ரோவர் ஆயிரக்கணக்கானவற்றை ஆராய்ந்தவர். யான் ஒன்றே ஒன்றைக் கண்டவன். அவரது பிழையை நகைக்க எனக்கு என்ன தகுதி? எழுதிய தாள்களைக் கிழித்தெறிந்தேன். சாராயப் புட்டியில் அப்பிராணி இன்னுமுளது. சீட்டில் இடமும் நாளும் எழுதியுள்ளேன். பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கின்றேன். என் கல்லூரி நாட்களில் யான் எழுதியவற்றுள் முற்றும் உண்மையானது அச்சீட்டே.