ஐஸ்கிரீம் டப்பாவில் மரவட்டை



மாரி மழை தொடங்கினால் உயிலங்குளத்தில் விறாந்தை, குளியலறை எங்கும் மரவட்டைதான். சிலர் தும்புத்தடியை எடுப்பார்கள், சிலர் மண்ணெண்ணெய்ப் போத்தலை. ஆபிரிக்கப் பெரிய மரவட்டை ஒரு அடி வரை நீளும், வெளிநாடுகளில் அதை வீட்டில் வளர்க்கிறார்கள் என்று வகுப்பில் ஒருநாள் சொல்லிவிட்டோம். அடுத்த நாளே பிள்ளைகள் இரண்டைப் பிடித்து வந்து நின்றார்கள். "சேர், நாமளும் வளர்ப்போமா?"

ஐஸ்கிரீம் டப்பாவில் பாதிக்கு ஈரமண், மேலே உக்கிய மாவிலை, உக்கிய விறகுத் துண்டு. மூடியில் ஓட்டைகள். ஓடு உறுதியாக இருக்கக் கல்சியம் வேண்டும் என்பதால் முட்டைக்கோதை இடித்துத் தூவினோம்.

ஒரு வாரம் கால் எண்ணுவதுதான் வேலை. பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி. "ஓடிக்கொண்டே இருக்குது சேர், நிற்கச் சொல்லுங்க" என்றான் ஒருவன். ஆயிரம் கால் தாண்டிய ஒன்றே ஒன்றைத்தான் உலகம் கண்டிருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் கிடைத்தது, 1306 கால்கள், அறிவித்தது 2021இல்.

கடிக்குமா என்று பெற்றோர் கேட்டார்கள். கடிப்பது மட்டத்தேள், அதற்கு வளையத்துக்கு ஒரு சோடிக் கால்தான். மரவட்டைக்கு விஷப்பல் இல்லை. தொந்தரவு செய்தால் சுருண்டுகொள்ளும், ஒரு நீரைக் கசியவிடும். அது விரலில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். ஆகவே தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதை முதலிலேயே சொல்லாததால் ஒரு பிள்ளை கபில நிற விரல்களோடு வீட்டுக்குப் போய், மறுநாள் தாயார் பாடசாலைக்கு வந்துவிட்டார். எங்கள் பிழைதான்.

அதைவிடப் பெரிய பிழை மூன்றாம் வாரத்தில். ஒன்றைக் காணவில்லை. செத்திருக்கும் என்று நினைத்துக் கரண்டியால் மண்ணைக் கிண்டினோம். அடியில் சின்ன மண் அறைக்குள் வெளிறிப்போய், மெத்தென்று சுருண்டு கிடந்தது. சட்டை கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரம் தொடவே கூடாது. தானாக மேலே வரும் வரை, வாரக்கணக்கானாலும், காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. இரண்டாம் நாள் அது செத்துப்போனது. பிடித்து வந்த பிள்ளை அன்று எங்களோடு கதைக்கவில்லை. பூனையை அடைத்துவைத்த பெண்ணின் ஹதீஸை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்போம்!

மற்றதை மாமரத்தடியில் விட்டோம். சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்குகிற வேலை அதற்கு அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் வந்தாலும் ஒரு கடதாசியில் ஏற்றி அப்படியே மரத்தடியில் விடுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம்.

கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்துவிட்டு இலைக்கடியில் நுழைந்தது. அடுத்த மாரிக்கு அடையாளம் தெரிய முதுகில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்திருக்கலாமே என்றான் அந்தப் பிள்ளை. வேண்டாம் என்றோம்.