பட்டிக்கு ஏற்ற கலப்பு நாய்

‘ஆட்டுப்பட்டிக் காவலுக்குச் சிப்பிப்பாறை வாங்கலாமா? முயல் வேட்டைக்கும் பழக்கலாமா?’ என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

போன ஆடியில் ஊர்நாய்கள் புகுந்து எங்கள் வெள்ளாட்டுக் குட்டிகள் நான்கைக் கொன்றுவிட்டன. அதன்பிறகு நான் தேடியது கலப்பு நாயை. தாய், கீதாரி ஒருவரின் கிடைக் காவல் நாய், தகப்பன் சிப்பிப்பாறை.

அசல் சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய். மிரண்டு ஓடும் ஆட்டுக்குட்டியும் அதற்கு முயல்தான். முடி ஒட்டக் கிடக்கும். மார்கழிப் பனியில் வெட்டவெளியில் நடுங்கும். கிடைநாய் பனி தாங்கும், பட்டியை விட்டு நகராது. ஆனால் அந்த வேகம் கிடையாது.

கலந்தால் இரண்டு குணமும் வந்துவிடும் என்று உறுதியில்லை. ஒரே ஈற்றில் ஒன்று தாயைப்போல, ஒன்று தகப்பனைப்போல இருக்கும். அதனால் நிறம், காது எதையும் நான் பார்க்கவில்லை. குட்டிகளை ஆடுகளுக்கு நடுவே விடச் சொன்னேன். கிடாய் முட்ட வந்ததும் விலகி, பிறகு அங்கேயே படுத்துக்கொண்ட பெட்டையைத் தூக்கிவந்தேன். ஆறு மாதம் கயிற்றோடுதான் மேய்ச்சலுக்கு வந்தது. இப்போது ஊர்நாய்களை வரப்புவரை விரட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது.

முயல் ஆசை வேண்டாம் ஐயா. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதமே போட்டுவிடுங்கள். ஆட்டுத் தலையைப் பச்சையாகப் போடாதீர்கள். மூளையிலுள்ள புழுக்கட்டி நாய் வயிற்றில் நாடாப்புழுவாகி, அதன் சாணம் வழியே மறுபடி ஆட்டுக்கே வரும்.