வழிபாடும் வாத்தியமும்

கடவுளைத் தொழுவதற்கு வாத்தியம் வேண்டுமா என்னும் வினா கல்முனையிலே வாழும் நமக்குப் புதியதன்று. வைகறையிலே பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுகிறது. அதற்குத் துணையாக ஒரு நரம்பும் அசைவதில்லை, ஒரு தோலும் அதிர்வதில்லை. அயலிலுள்ள அம்மன் கோயில்களிலே சடங்குக் காலம் வந்துவிட்டால் உடுக்கும் பறையும் முழங்குகின்றன. ஞாயிறு காலையில் தேவாலயத்திலே ஆர்மோனியம் சுருதி கூட்டச் சபையார் கீர்த்தனை பாடுகின்றனர். நீங்கள் ஆராதனைக்குப் போகிறீர்களா, கச்சேரிக்குப் போகிறீர்களா என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் நம்மை வேடிக்கையாகக் கேட்டதுண்டு. வேடிக்கைதான், ஆயினும் விடை கூறவேண்டிய கேள்வி.

தேவாலயத்துக்குள்ளேயே இக்கேள்வி இன்று வேறொரு வடிவில் எழுகிறது. இளைஞர் கீபோட்டும் டிரம்மும் கேட்கின்றனர். பெரியோரோ, ஆர்மோனியம் போதும், அதுவே நம் மரபு என்கின்றனர். இருசாராரிடத்தும் பக்தி உண்டு. ஆனால் மரபு என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் நன்று. ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் உருப்பெற்றுக் கப்பலேறி வந்த கருவி. நம் இசையின் கமகங்களை அது தாங்காதென்று கூறி, 1940ஆம் ஆண்டிலே அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தது. அவ்விலக்கு பல்லாண்டுகள் நீடித்தது. பாட்டனார் காலத்துப் புதுமையே பேரன் காலத்தில் மரபாகிவிடுகிறது.

வேதாகமத்தைப் புரட்டினால் இரு பக்கத்தாருக்கும் சான்று கிடைக்கிறது. சங்கீத நூலின் 150ஆம் சங்கீதம் எக்காளம் முதல் கைத்தாளம் வரை வரிசையாகக் கூறி அழைக்கிறது. புதிய ஏற்பாடோ, சபை கூடிப் பாடுவதைச் சொல்கிறதேயன்றி, அங்கே கருவி இசைத்ததாகச் சொல்லவில்லை. ஆதித் திருச்சபையின் ஆசிரியர் பலர் வாத்தியங்களை வெறுத்தனர். அவை அக்காலத்திலே நாடக அரங்குகளோடும் களியாட்ட விருந்துகளோடும் பிணைந்திருந்தன. கிழக்கத்திய வைதீகத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் மனிதக் குரல் ஒன்றே ஒலிக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே லண்டன் மாநகரில் ஸ்பர்ஜன் என்னும் பெரும் போதகரின் ஆலயத்தில் ஏறக்குறைய 5000 பேர் ஓர்கன் இன்றியே பாடினர். அதே வேளையில் எத்தியோப்பியாவின் தொன்மையான திருச்சபையோ, பெரிய முரசும் கையிற் குலுக்கும் கிலுக்குக் கருவியும் இன்றி விழாக் கொண்டாடுவதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரே சொல்லில் நின்றதில்லை. 1903ஆம் ஆண்டிலே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசு, தாளம் முதலிய ஆரவாரக் கருவிகளையும் ஆலயத்தில் விலக்கினார். 60 ஆண்டுகள் கழித்து, 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்ததோடு, புனித வழிபாட்டுக்குப் பொருந்துமாயின் பிற கருவிகளையும் ஏற்கலாமென்று வழி திறந்தது.

நம் முஸ்லிம் அயலாரிடையேயும் இவ்வினா உறங்கவில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகிறது. பக்கீர்மார் றபான் தட்டிப் பாடுவதைப் பக்தியென்று போற்றுவோரும் உளர். மார்க்கத்துக்கு ஒவ்வாதென்று விலகி நிற்போரும் உளர். ஒரே தெருவிலே இரு வேறு சமயத்தார் ஒரே வழக்கைத் தத்தம் இல்லத்துள் வாதாடுகிறோம்!

வாத்தியத்தை விலக்கும்போது நாம் உண்மையில் எதனை விலக்குகிறோம் என்று கேட்டுக்கொள்வதும் வேண்டும். மதுரை அரசரடியிலே தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பறட்டை அண்ணன்' என அறியப்பட்டவர், பறையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பறை ஆலயத்துக்கு ஆகாதென்று சொன்னவர்களிற் பலருக்கு அதன் ஒலியன்று, அதனை அறையும் மக்களின் சாதியே இடறலாயிருந்தது. ஒலியை மகிழ்ந்து கேட்டு, அறைந்தவரை எட்ட நிறுத்தும் வழக்கம் நம் கரைக்கும் அந்நியமன்று. ஒரு கருவியை வெளியே நிறுத்துவதால் ஒரு மனிதர் வெளியே நிற்க நேருமாயின், அது இசை பற்றிய தீர்ப்பாகாது.

ஆகவே மரத்தையும் தோலையும் விசாரிப்பதை விட்டு, சபையின் வாயை விசாரிப்பதே முறையென்று நமக்குத் தோன்றுகிறது. கருவி ஒலிக்கும்போது கடைசி வரிசையிலுள்ள ஆச்சி பாடுகிறாரா? ஆமெனில், அது டிரம்மாயினும் தகும். ஒலிபெருக்கியின் முழக்கத்திலே தம் குரல் தமக்கே கேளாமல் அவர் உதடு மூடிவிட்டாரா? ஆமெனில், அது நூறாண்டு கண்ட ஆர்மோனியமாயினும் தகாது. கருவி பணியாளாக இருக்கலாம், எசமானாகக் கூடாது.

குரல் ஒன்றே போதுமா என்று ஐயுறுவோர் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியை எண்ணிப் பார்க்கட்டும். நத்தாருக்கு மறுநாளான அந்த ஞாயிறன்று கடல் பொங்கியபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அன்று தோண்டிய குழிகளின் அருகே ஆர்மோனியத்தைத் தேடியவர் யார்? ஜனாஸாத் தொழுகையிலும் கருவியில்லை. அடக்க ஆராதனையிலும் உடைந்த குரலுக்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாணவ நேயர்களுக்கும் சபைப் பெரியோர்க்கும் நாம் கூறக்கூடியது ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு கீர்த்தனையை எக்கருவியும் இன்றிப் பாடிப் பாருங்கள். பாட்டு நின்றால், அதன் பின் எக்கருவியைச் சேர்ப்பதென்பது இலேசான பேச்சு. ஒருவரோடொருவர் அமர்ந்து முடிவு செய்யலாம். பாட்டு விழுந்தால், வாங்கவேண்டியது புதிய கருவியன்று. பழக்கவேண்டியது சபையின் குரலே.