எண்பது எழுத்து அகலம்

தொண்ணூறுகளில் வாங்கிய லேப்டாப்பைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடும் முன், அதன் பின்பக்கம் ஒன்பது பின் வைத்த சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. இன்றைய இணையதளங்களில் பெரும்பாலானவற்றை அதனால் திறக்க முடியாதுதான். ஆனால் வரும் எழுத்தைத் திரையில் காட்டவும், நாம் அடிக்கும் எழுத்தை அனுப்பவும் தாராளமாகப் போதும். டெர்மினலுக்கு வேறென்ன வேண்டும்? மற்ற பாடெல்லாம் மறுமுனையில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டருடையது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-இல் கொண்டுவந்த விடி100 டெர்மினலில் வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி. கர்சரை நகர்த்த, வரியை அழிக்க அது ஏற்றுக்கொண்ட கட்டளைகள் லினக்ஸில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் பிறந்த கெர்மிட் என்ற தகவல்தொடர்பு மென்பொருளின் டாஸ் பதிப்பை ஓடவிட்டால், லேப்டாப் அந்த விடி குடும்பத்தில் ஒன்றாகிவிடும். நடுவே ஒரு நல் (null) மோடம் கேபிள். இந்த முனையின் இரண்டாம் பின் அந்த முனையின் மூன்றாம் பின்னுக்குப் போகும். ஒருவர் வாய் மற்றவர் காதோடு சேர வேண்டுமல்லவா? புதுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் சீரியல் போர்ட் இருக்காது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

வேகத்தை நொடிக்கு 9600 பிட் என்று வைத்தால் நொடிக்கு 960 எழுத்து வரும். திரை முழுக்க நிரம்ப 1,920 எழுத்து, அதாவது இரண்டு நொடி. மேலிருந்து வரிவரியாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்த வேகம் மிகவும் பிடித்திருக்கிறது. கண் படிக்கும் வேகத்தைவிட அது எப்படியும் அதிகம். நிரல் எழுதும்போது பக்கத்தில் இன்னொரு ஜன்னல் இல்லை, மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பு இல்லை. அழுத்தினால் ஆழமாக இறங்கும் அந்தக் காலத்துக் கீபோர்டும் கூடவே கிடைக்கிறது.

தமிழுக்குத்தான் அங்கே இடமில்லை. அது எனக்கு உண்மையான வருத்தம். விஜிஏ எழுத்துத் திரை ஒரே நேரத்தில் 512 வடிவங்கள் வரை தாங்கும். நம் 247 எழுத்தும், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சேர்ந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். இடிப்பது அகலம். ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு ஒன்பது புள்ளி அகலமுள்ள ஒரே அளவுக் கட்டம்; 'i'-க்கும் அதே, 'm'-க்கும் அதே என்று ஆங்கிலம் சமாளித்துக்கொண்டது. 'ணௌ'வை அதற்குள் எப்படித் திணிப்பது? போதாக்குறைக்கு, யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 'க' ஒன்றே மூன்று பைட்டாக வருகிறது; பழைய டாஸ் அதை ஓரெழுத்தாகக் கொள்ளாமல் மூன்று குறிகளாகச் சிதறடிக்கும்.

அதனால் தமிழில் எழுத வேறு கம்ப்யூட்டர், நிரலுக்கும் சர்வருக்கும் இது. நெட்வொர்க் சுவிட்சுகள் பலவற்றின் கன்சோல் போர்ட் இன்றும் 9600-இல்தான் பேசுகிறது. நெட்வொர்க்கே படுத்துவிட்ட நாளில், கன்வெர்ட்டரோ டிரைவரோ தேடாமல் நேராகக் கேபிளைச் செருகி என்ன கோளாறு என்று பார்க்க, நான் தூக்கிக்கொண்டு போவது இந்த லேப்டாப்பைத்தான்.