குடில் மலையும் கோட்டை மலையும்

திருக்காட்சிப் பெருவிழா முடிந்த மறுநாள் குடிலைப் பிரித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சுரூபங்களைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். அட்டையும் காகிதமும் மைதாப் பசையும் சேர்ந்து உருவான மலை மட்டும் மிஞ்சும். அதைப் பழைய காகிதக் கடைக்காரரும் வாங்கமாட்டார். சென்ற ஆண்டு அந்த மலைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் உரிமை கோரினார்கள்.

"தாத்தா, அதை எறிந்துவிடாதீர்கள். நாங்கள் போர் விளையாடப் போகிறோம்" என்றான் மூத்தவன்.

மேசைமீது மலையும் ஆறும் ஊரும் அமைத்து, சிறு படைவீரர்களை நிறுத்தி, அளவுகோலால் தொலைவு அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வி காணும் விளையாட்டு அது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு இத்தகைய மேசையொன்றைச் செய்து அளித்தார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இவ்விளையாட்டைப் பற்றி 1913இல் ஒரு நூலே எழுதினார். உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இடையர்கள் நின்ற மலையில் பீரங்கியை ஏற்றுவதா? ஆனால் எந்தப் போர் என்று கேட்டபோது, "நம் ஊர்ப் போர்தான்" என்று பதில் வந்தது. மறுக்க இயலவில்லை.

மலைக்கோட்டையை நாள்தோறும் பார்த்துக்கொண்டு வாழும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கதையை நினைவில் வைத்திருக்கிறோம்? 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையினரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் இருந்த முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். 1752இல் நிலைமை தலைகீழாயிற்று. பிரெஞ்சுத் தளபதி லா திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். கிளைவ் வடக்கே சமயபுரம் பகுதியில் நின்று, உதவி வரும் வழியை அடைத்தார். ஜூன் மாதத்தில் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்து தலையிழந்தார், லாவும் சரணடைந்தார். மறு ஆண்டு, இன்று இரயில்வே பணிமனை இருக்கும் பொன்மலையருகே மீண்டும் போர் மூண்டது.

எங்கள் உணவு மேசையின் நீளம் 5 அடி. ஒரு மைலுக்கு அரையடி என்று கணக்கிட்டால் தெற்கே பொன்மலையிலிருந்து வடக்கே சமயபுரம் வரை அடங்கிவிடும். ஆனால் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை! குடிலில் ஆடு வீட்டைவிடப் பெரிதாக நிற்பதில்லையா என்று சொல்லி, மலையை ஒரு சாண் உயரத்திற்கு உயர்த்தினோம்.

வீட்டில் எறிய வேண்டியவையெல்லாம் அப்போது செல்வமாயின. முட்டை அட்டைகளை நனைத்துப் பிசைந்து பாறை வடித்தோம். காய வைத்த தேயிலைச் சக்கை வயல் மண்ணாயிற்று. தேங்காய் நார் தோப்பாயிற்று. கழுவி வெட்டிய பால் உறைகளைக் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் ஒட்டி, கரையோரம் மணல் தூவினோம். சோப்பு அட்டைகள் திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்று மதில்களாக எழுந்தன. தெற்கே பெரிய இராசகோபுரத்தை நிறுத்த இளையவன் ஆசைப்பட்டான். அது 1987இல்தான் முழுமை பெற்றது. அதுவரை மொட்டைக் கோபுரமாகவே நின்றது என்று சொல்லி, பற்பசைப் பெட்டியின் மேற்பாதியை வெட்டினோம். அவன் முகம் வாடிற்று.

வெளித் திருச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகள் உண்டல்லவா? அந்த வீடுகளைத் தீப்பெட்டிகளால் செய்யும் பொறுப்பை ஒன்பது வயதுப் பேத்தி ஏற்றாள். நாற்பது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் கதவும் திண்ணையும் வரைந்தாள். ஒவ்வொரு வாசலிலும் பேனா முனையால் கோலமிட்டாள். இதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஞாயிறு மாலை போர் தொடங்கியது. மூத்தவன் பீரங்கியொன்றைத் தீப்பெட்டி வீதிக்குள் நகர்த்தினான். பேத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"இந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள், அண்ணா?"

அவன் விதிகள் எழுதிய தாளைப் புரட்டினான். வீட்டுக்குள் நிற்கும் வீரனுக்குப் பாதுகாப்பு அதிகம் என்று மட்டுமே அதில் இருந்தது. பிறகு எங்களைப் பார்த்தான். எங்களிடமும் விடையில்லை. நாங்கள் பள்ளியில் அந்தப் போரைப் படித்திருக்கிறோம்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். இந்தக் கேள்வி எங்களுக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

அவளே ஒரு விதி வகுத்தாள். வீட்டுக்கு ஒன்றாக நாற்பது புளியங்கொட்டைகள். ஒவ்வொரு முறையும் படையை நகர்த்துமுன் ஒரு கொட்டையை ஆற்றைக் கடத்த வேண்டும். அண்ணன்மார் முணுமுணுத்தார்கள், ஆட்டம் மெதுவாயிற்று. லா சரணடைந்தபோது பதினொரு கொட்டைகள் வீதியிலேயே கிடந்தன. வென்றவனும் ஆரவாரம் செய்யவில்லை.

தொலைக்காட்சியில் போர்ச் செய்தி வரும்போது நமக்குக் காட்டப்படுவது வரைபடமும் அம்புக்குறிகளும்தாம். நிலம் வெறுமையாகவே தோன்றுகிறது. தன் கையால் ஒரு வாசலில் கோலமிட்டவளுக்கு அது வெறுமையாகத் தோன்றவில்லை. 1223இல் கிரேச்சோவில் புனித பிரான்சிசு குடில் அமைத்ததும் காதால் கேட்டதைக் கண்ணால் காண்பதற்காகத்தானே? ஆயினும் நம் குடில்களில் ஏரோதின் வீரர்கள் நுழைந்த பெத்லகேம் வீடுகளை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? ஆண்டுதோறும் மாசில்லாக் குழந்தைகள் விழா குடிலைப் பிரிப்பதற்கு முன்பே வந்துபோகிறது. நாங்கள் அன்றும் குடில் விளக்கை ஏற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கச் சென்றவர்களே.

இந்த டிசம்பரில் மலைக்கோட்டை மறுபடியும் பெத்லகேம் மலையாயிற்று. பேத்தி தீப்பெட்டி வீடுகளைக் கொண்டுவந்து அடிவாரத்தில் வரிசையாக வைத்தாள். வாசலுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளையும் வைத்தாள். குடில் பார்க்க வந்த அண்டை வீட்டார், இவை எதற்கு என்று கேட்டார்கள்.

"இவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்" என்றாள்.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். நாற்பதும் இருந்தன.