எவர்சில்வர் வேட்டி!

கல்யாணம் முடிந்து எத்தனை நாளில் ஆல்பம் கைக்கு வரும்? ஆபீசில் பக்கத்து சீட்காரரைக் கேட்டுப் பாருங்கள். "இன்னும் செலக்‌ஷனே பண்ணலை சார்" என்பார். அவர் பையன் யு.கே.ஜி. போய்க்கொண்டிருப்பான். போட்டோகிராபரைக் குற்றம் சொல்ல முடியாது. 2,000 படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, "நூத்தியிருபது செலக்ட் பண்ணிக் குடுங்க, ஒரே வாரத்துல ஆல்பம்" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் அவர் போயிருப்பார். அந்த நூற்றிருபதுக்குள் பெண் வீட்டுச் சித்தப்பா எத்தனை, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா எத்தனை என்று பஞ்சாயத்து ஆரம்பித்தால் முடியுமா?

இது போதாதென்று இப்போது லேபில் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள்: "க்ளாஸியா, மேட்டா, மெட்டாலிக்கா சார்?"

'மெட்டாலிக்' என்றதும் தகரத்தில் அச்சடித்துத் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். உலோகம் ஒரு குந்துமணிகூடக் கிடையாது. வழக்கமான கலர் பேப்பர்தான். அடியில் முத்துப் போல மினுங்கும் ஓர் அடுக்கு வைத்திருப்பார்கள், அவ்வளவே. கார் பெயின்ட்டிலும் நகப்பூச்சிலும் மினுக்கத்துக்காக மைக்கா (அதாவது நம் காக்காய்ப்பொன்) துகள்களைக் கலக்கிறார்கள் அல்லவா, அந்த ஜாதி சமாசாரம். படத்தைக் கையில் பிடித்துக் கொஞ்சம் அசைத்தால் உள்ளேயிருந்து யாரோ விளக்குப் போட்டது மாதிரி இருக்கும். விலையும் அதற்கேற்ப. எங்கள் லேபில் சாதாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2024-ல் அப்பாவுக்கு எழுபது. திருக்கடையூரில் பீமரத சாந்தி. அந்த ஊரில் தினமும் அறுபதும் எழுபதும் எண்பதுமாக மாப்பிள்ளைகள், மணப்பெண்கள். மாலை போட்ட தாத்தாக்களுக்கு நடுவில் நம் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். போட்டோகிராபர் எடுத்தது 1,400. உறவினர்கள் போனில் எடுத்தது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அப்பா கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். "மெட்டாலிக்ல பன்னெண்டு போதும்" என்று ஒரே வரியில் பட்ஜெட்டை முடித்தார்.

"அதென்னப்பா பன்னெண்டு?"

"எங்க கல்யாணத்துக்கு எடுத்ததே பன்னெண்டுதான்."

வாஸ்தவம். 1982-ல் தாத்தா ஏற்பாடு செய்த ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்தது ஒரே ஒரு 120 ரோல். சதுரப் படமாக எடுத்தால் சரியாகப் பன்னிரண்டு. தாலி கட்டு ஒன்று, ஊர்வலம் ஒன்று, சம்பந்திகள் ஒன்று. கண்ணை மூடினால் மூடினதுதான், வேறு எடுக்க மாட்டார். அந்தக் காலத்தில் செலக்‌ஷன் வேலையை கேமராவுக்குப் பின்னால் நின்றவர் முன்கூட்டியே முடித்துவிட்டார். இப்போது அது நம் தலையில்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா ஈஸிசேரிலிருந்து இன்னொரு ஷரத்தைச் சேர்த்தார்.

"சுவத்துல மாட்டறதுக்கு இல்லடா. உங்கம்மா கையில வெச்சுப் பாக்கணும். அவளுக்குத் தெரியற படமா எடு."

அம்மாவுக்கு க்ளாக்கோமா. 2022-ல் கண்டுபிடித்தார்கள். பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற வியாதி. பெரும்பாலும் ஓரப் பார்வையிலிருந்து ஆரம்பிக்கும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேளை தவறாமல் சொட்டு மருந்து. ஓரம் மட்டும் அல்ல, வெளுப்புக்கும் அழுத்தமான நிறத்துக்கும் உள்ள வித்தியாசமும் மங்கும். "சாம்பல் கலர்ல இருக்கிற எல்லாம் ஒண்ணாத் தெரியுதுடா" என்பார். போனில் படம் காட்டினால் மரியாதைக்கு, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆகவே, இது வெறும் ஆல்பம் விவகாரம் இல்லை என்று புரிந்தது. லேபுக்குப் போனேன்.

லேப்காரர் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். டார்க்ரூம் சிவப்பு விளக்கில் ஆரம்பித்து, ஊருக்கு ஊர் கலர் லேப் முளைத்த காலத்தைப் பார்த்து, 2006-ல் கோனிகா மினோல்டா போட்டோ தொழிலையே விட்டுப் போவதாக அறிவித்ததையும் பார்த்து, இன்னும் கடையைத் திறந்து வைத்திருக்கிற மனிதர். நான் கொண்டுபோனதில் முதல் படத்தைப் பார்த்தார். அப்பா தனியாக, வெண்பட்டு வேட்டி, வெள்ளைத் துண்டு, பின்னால் சுண்ணாம்புச் சுவர்.

"இது வேணாம் சார்."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

பதில் சொல்லாமல் அதையே நாலுக்கு ஆறு அளவில் மெட்டாலிக்கில் ஒன்று போட்டுக் கையில் கொடுத்தார். அப்பாவின் எட்டு முழ வேட்டி பளபளவென்று புது டிபன் கேரியர் மாதிரி இருந்தது. துலக்கி வைத்த எவர்சில்வர்!

காரணம் ரொம்ப எளிது. போட்டோ பேப்பரில் வெள்ளை என்று ஒரு சாயமே கிடையாது. நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்தான். படத்தில் எங்கே வெள்ளையோ அங்கே சாயம் இராது. வெறும் பேப்பர்தான் தெரியும். சாதா பேப்பர் வெள்ளை, வேட்டியும் வெள்ளை. மெட்டாலிக் பேப்பர் வெள்ளியாக மினுங்கும்; வேட்டியும் வெள்ளி. வெண்மேகம், பனி மூட்டம், சுண்ணாம்புச் சுவர், ஹோமப் புகை எல்லாவற்றுக்கும் இதே கதி.

"அப்ப எதுதான் எடுபடும்?"

"எது நிஜத்துல மின்னுதோ அது. தண்ணி, பித்தளை, நகை, ஜரிகை, ராத்திரி வெளிச்சம். கறுப்பு நல்லா கறுப்பா இருக்கணும். அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மினுக்கு. அவ்வளவுதான் சூட்சுமம்."

யோசித்துப் பார்த்தால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். நல்ல ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன் மேல் தங்க முலாம். அதைப் புடவை முழுக்கவா நெய்கிறார்கள்? அரக்கு, மயில் கழுத்து என்று ஆழ்ந்த நிறத்தில் உடலை நெய்து, பார்டரில் கொஞ்சம். எல்லாமே மின்னினால் அது புடவை இல்லை, நாடக உடை.

அம்மாவுக்கு வேண்டியதும் இதேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுத்தமான பின்னணி, அதில் தெளிவான ஒரு முகம். பேப்பர் கேட்டதும் அம்மாவின் கண் கேட்டதும் ஒன்றாகிவிட்டன.

வீட்டுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தோம். அக்காவின் செல்லப் படம் முதலில் விழுந்தது. ஹோமப் புகை நடுவே பேத்தி கை கூப்பி நிற்கும் படம். சினிமா மாதிரி இருந்தது. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேட்டில் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று சமாதானம் செய்தேன். ட்யூப்லைட்டுக்கு எதிர்ச் சுவரில் மேட்தான் மரியாதை. பளபளப்பான பேப்பரை மாட்டினால் படம் தெரியாது, ட்யூப்லைட்தான் தெரியும்.

உச்சி வெயிலில் எடுத்தவையும் போயின. வியர்த்த நெற்றியும் மூக்கு நுனியும் மெட்டாலிக்கில் விளக்குப் போட்டுக்கொள்ளும். கும்பலாக நாற்பது பேர் நிற்கிற படமும் போயிற்று. அம்மா ஒவ்வொரு முகமாகத் தேட வேண்டியிருக்கும்.

தேறியவை: நூல் சுற்றிய பித்தளைக் கலசங்கள், பின்னால் இருட்டான மண்டபம். அரக்குப் புடவையில் அம்மா, தோளில் ஜரிகை. அப்பா தாலி முடிச்சுப் போடுகிற கை மட்டும். குத்துவிளக்குப் பக்கத்தில் பேரன். இப்படிப் பத்து.

பதினொன்றாவதுக்குத்தான் சண்டை. கலச நீரைத் தலையில் கொட்டுகிறபோது அத்தான் போனில் எடுத்த படம். முதல் குடம் ஜில்லென்று விழுந்த அந்தக் கணத்தில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தரத்தில் நிற்கிறது. அம்மாவுக்கோ அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே கோபம். "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன். நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

அப்பா அதிகம் பேசாதவர். "நாப்பத்திரண்டு வருஷத்துல நீ சிரிக்கிற போட்டோ இது ஒண்ணுதான்" என்றார். அப்புறம் யாரும் எதுவும் பேசவில்லை. பதினொன்று பாஸ்.

ஒரு தொழில்நுட்ப விவரம், உங்களுக்கும் உதவும். எங்களிடம் இருந்தது வாட்ஸப்பில் வந்த பிரதி. நீளவாட்டில் 1,600 புள்ளிதான். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் காணும். பெரிதாக்கினால் முகம் பிசிறடிக்கும்; மெட்டாலிக் அந்தப் பிசிறை இன்னும் எடுத்துக் காட்டும். அத்தானின் போனிலேயே மூலப் படம் இருந்தது. 4,000-க்கு 3,000. பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் தாராளமாக வரும். ஆகவே, நண்பர்களே, உறவினர் எடுத்த படம் பிடித்திருந்தால் அவர் போனை மாற்றுவதற்குள் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டாவது படம் அப்பாவின் பீரோவிலிருந்து வந்தது. 1982. மாலையும் கழுத்துமாக இருவரும். நெகட்டிவ் என்றோ தொலைந்துவிட்டது. இருப்பது இந்தப் பிரதி ஒன்றுதான். சாய்த்துப் பார்த்தால் கறுப்பான இடங்களில், அதாவது அப்பாவின் மீசையில், அம்மாவின் கூந்தலில், நீலம் பாய்ந்த வெள்ளி மினுக்கம். ஏதோ கறை என்று நினைத்தேன்.

"கறை இல்ல சார், வெள்ளிதான்" என்றார் லேப்காரர். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு என்பதே நுண்ணிய வெள்ளித் துகள்கள். காற்றிலும் ஈரத்திலும் பல வருஷம் இருந்தால் அந்த வெள்ளி மெதுவாக மேலே வந்து கண்ணாடி போலப் படியும். ஆக, காசு கொடுக்காமலே அந்தப் படம் நாற்பது வருஷத்தில் தானாக மெட்டாலிக் ஆகியிருக்கிறது! ஸ்கேனரில் வைத்தால் அந்த மினுக்கம் படத்தை மறைத்தது. விளக்கைச் சாய்வாக வைத்து கேமராவில் மறுபடி எடுத்துத் தந்தார். கறுப்பு வெள்ளைக்கு மெட்டாலிக் நன்றாகவே பொருந்துகிறது.

பார்க்கப் போனால் போட்டோவே வெள்ளியில்தான் பிறந்தது. 1839-ல் பாரிஸில் டாகேர் என்பவரின் முறையை அறிவித்தபோது, படம் இருந்தது வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில். நேராகப் பார்த்தால் உங்கள் முகமே தெரியும். கையில் எடுத்துச் சாய்த்தால்தான் படம் தெரியும்.

பிரிண்ட்டுகள் வந்த அன்று சாயங்காலம், அம்மா ஜன்னல் ஓரம் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். கலசத்தை எண்ணினார். பேரன் காதில் கடுக்கன் இருப்பதைக் கண்டுபிடித்தார். சிரிக்கிற படத்தை மட்டும் சீக்கிரமாகக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் கழித்து யாரும் பார்க்காதபோது திரும்ப எடுத்தார். கடைசியில் 1982. வெகுநேரம் இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம் சாய்ச்சா நீங்க பளிச்சுனு தெரியறீங்க. அந்தப் பக்கம் சாய்ச்சா நான்தான் தெரியறேன்."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "அந்தப் பக்கமே வெச்சுக்கோ."