துப்பும் காப்பியும்

இரவில் படுக்கப் போகுமுன் ஒரு கொலையைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்துவிட்டு, விளக்கை அணைத்து, மனக்கலக்கம் சிறிதுமின்றி நித்திரை போகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ இலட்சம் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். "இது என்னப்பா விபரீதமான ருசி?" என்று என் தகப்பனார் ஒருநாள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்காலத்தில் அந்தக் கேள்வியை எனக்கு நானே பலமுறை போட்டுக்கொண்டு, விமரிசன நூல்களைப் புரட்டியும் திருப்தி அடையாமல், என் இளமைக் காலத்துச் சித்தையன்கோட்டையில் ஒரு காப்பிக் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து கண்ட ஒரு சிறு சம்பவத்திலேதான் அதற்கு விடை இருந்தது என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

துப்பறியும் நாவல்களில் சாந்தமான ஒரு வகை உண்டு. அதிலும் கொலை நடக்கும். ஆனால் இரத்தம் கண்ணில் படாது. துப்பறிகிறவர் போலீஸ் உத்தியோகஸ்தராக இருக்க மாட்டார். ஒரு கிழவி, ஒரு கடைக்காரி, ஒரு புத்தக வியாபாரி என்று நமக்குப் பழக்கமான ஜாடையில் இருப்பார். ஊர் சிறியதாக இருக்கும். பெருநகரமாக இருந்தால், அதற்குள்ளே சிற்றூரின் சுபாவத்தோடு ஒரு தெரு இருக்கும். இவ்வகையில் காப்பிக் கடையையே களமாகக் கொண்ட கதைகளுக்கு அமெரிக்காவில் பிரத்தியேகமான வாசகர் கூட்டம் இருக்கிறது. கிளியோ காயில் என்னும் பெயரில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய நாவல் வரிசை அவற்றுள் பிரசித்தமானது. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் என்ற பகுதியில் தலைமுறைகளாக நடந்துவரும் 'வில்லேஜ் பிளெண்ட்' என்னும் காப்பிக் கடையை கிளேர் கோஸி என்னும் பெண்மணி நிர்வகித்து வருகிறாள். ஒருநாள் கடையில் நிலவறைப் படிக்கட்டின் அடியில் உதவியாளரான இளம்பெண் பிரக்ஞையற்றுக் கிடக்கிறாள். சுற்றிலும் காப்பித் தூள் சிதறிக் கிடக்கிறது. முதல் கதை அங்கிருந்து புறப்படுகிறது. பெயர் ஒன்றானாலும் எழுதுகிறவர்கள் ஆலிஸ் அல்ஃபோன்ஸி, மார்க் செராஸினி என்ற தம்பதிகள். இந்த நாவல்களின் இறுதியில், குற்றவாளி அகப்பட்ட பிறகு, பலகாரங்களின் செய்முறையும் அச்சிட்டிருக்கும். கொலையில் ஆரம்பித்துச் சமையலறையில் முடிகிற இந்த அமைப்பை அற்பமான அலங்காரம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை.

அகதா கிறிஸ்டி 1927-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் மூலம் மிஸ் மார்ப்பிள் என்ற முதிய மாதை உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அந்த அம்மாளின் ஆயுதம் பூதக்கண்ணாடி அன்று. செயின்ட் மேரி மீட் என்னும் தன் கிராமத்து மனிதர்களைப் பற்றிய ஞாபகமே. ஒரு சீமான் பொய் சொல்லும்போது, மீன்காரப் பையன் ஒருவன் எப்போதோ சொன்ன பொய் அவளுக்கு நினைவுக்கு வரும்; அதைக் கொண்டு இதை அளந்துவிடுவாள். ஊர்ப் பேச்சு என்று நாம் இகழ்ந்து ஒதுக்குவதுதான் இவ்வகைக் கதைகளின் உயிர்நாடி. சித்தையன்கோட்டைக்குப் பக்கத்திலேயே, வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர், தமிழின் ஆதி நாவல்களுள் ஒன்றாகிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் சபைக்கு 'வம்பர் மகாசபை' என்றே பெயரிட்டார். அந்தச் சபைக்குத் தெரியாத இரகசியம் அந்தக் கிராமத்தில் இல்லை. இருபத்தாறு வயதிலேயே மறைந்துபோன அந்த மேதை இன்னும் சிலகாலம் ஜீவித்திருந்து அதே சபையை ஒரு குற்றத்தைத் துலக்கும்படி ஏவியிருந்தால், சாந்தமான துப்பறியும் நாவல் நம் மண்ணிலேயே முளைத்திருக்கும் என்று எண்ணி நான் ஏங்கியிருக்கிறேன்.

தமிழில் துப்பறியும் கதை வேறு வாசல் வழியாக வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார், ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைத் தந்தார். அடுத்த தலைமுறையில் தேவன், ஆனந்த விகடனில், வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்புவை அதிருஷ்டத்தின் துணை ஒன்றைக் கொண்டே துப்பறியும் நிபுணனாக்கி, ஒரு தமிழ்க் குடும்பமே கூடிச் சிரிக்கும்படி செய்தார். 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லாலோ, எந்தச் சிக்கலையும் ஒரு கோப்பைத் தேநீரோடுதான் ஆலோசிப்பார். ஆனாலும் இவர்களில் எவரும் காப்பிக் கடையைக் கதையின் களமாக அமைத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. நம் நாட்டில் கதைக்குள் காப்பிக் கடை வராவிட்டால் என்ன? காப்பிக் கடைக்குள் கதை இருந்தது. அதை நான் கண்ணால் கண்டவன்.

செம்பட்டியை அடுத்த சித்தையன்கோட்டை நெல்லும் தென்னையும் வாழையும் சூழ்ந்த ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கீழ்ப்பழனி மலை நீலமாக நிற்கும். பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று அந்த மலைமேல் ஊர்தோறும் காப்பித் தோட்டங்கள். சித்திரை வாக்கில் மழை இறங்கியதும் செடி முழுவதும் மல்லிகை போலப் பூத்து, கார்த்திகை மார்கழியில் பழம் சிவக்கும்போது, கீழே சமவெளியிலிருந்து கூலியாட்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுவார்கள்.

நான் சொல்லும் கடை ஒரு ராவுத்தருடையது. ஓலைச் சார்ப்பு, செம்புப் பாய்லர், அதன் வயிற்றில் பட்டையாகப் பூசிய திருநீறு போலச் சாம்பல் கோடுகள், பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே ஒரு பலகை, அதன்மேல் அட்டை கிழிந்த இருபது முப்பது துப்பறியும் நாவல்கள். வாங்கியவர் ஒருவர், வாசித்தவர் நூறு பேர். விடியற்காலையில் டிகாஷன் இறங்கும் வாசனைக்கே பெஞ்சி நிறைந்துவிடும். யாருக்குச் சர்க்கரை தூக்கல், யாருக்கு அரைச் சர்க்கரை, யார் கடுங்காப்பி, யார் ஆற்றாமல் கேட்பார் என்பதையெல்லாம் ராவுத்தர் கேட்பதில்லை. ஆள் தெருமுனையில் திரும்பும்போதே கை தானாக டம்ளரை எடுக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளில் ஒரு சாராருக்கு எவர்சில்வரும் மற்றொரு சாராருக்குத் தனிக் குவளையுமாக வைத்து மனிதனை மனிதன் அவமதித்த காலம் அது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருப்பது ஒன்றே ஓர் இடத்தை இதமானதாக்கிவிடாது; எவரைத் தெரிந்துகொண்டு எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ராவுத்தர் கடையில் டம்ளர் ஒரே வகை, பெஞ்சியும் ஒன்றே. அதனால்தான் நான் அந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தி மயங்கியதும், கடையின் ஒற்றைப் பல்பின் அடியில் நின்று, அன்றைய நாவலில் ஓர் அத்தியாயம் உரக்க வாசிப்பது என் வேலை. வாசிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சுற்றியிருந்து கேட்பார்கள். சங்கர்லால் தேநீர் அருந்தும் இடம் வந்தால், "ராவுத்தரே, எனக்கும் ஒரு டீ" என்று நாலு குரல் கிளம்பும். ஒரு கார்த்திகை மாதம், சங்கர்லால் நாவல் ஒன்று கடைசி அத்தியாயத்தை எட்டியிருந்தது. குற்றவாளி யார் என்று பெஞ்சியில் இரண்டு கட்சி. மறுநாள் மாலை நான் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசித் தாள்கள் இல்லை! யாரோ அடியோடு பிய்த்து எடுத்திருந்தார்கள்.

பெஞ்சியில் எழுந்த சத்தத்தை இன்றும் மறக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். பழைய பகைகளெல்லாம் தலைதூக்கின. ராவுத்தர் மட்டும் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தின் உள்ளோரத்தில், தையலுக்கு அருகில், வெண்மையாக ஒரு பெருவிரல் தடம் பதிந்திருந்தது, வெற்றிலைச் சுண்ணாம்பு. புத்தகத்தை மூடிப் பலகையின் மேல் வைத்துவிட்டு, "தேடிப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழிந்தது. தை பிறந்து, மலையில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒரு முதியவர், தென்னந்தோப்புக் காவலாக இருந்தவர், ஒருநாள் நண்பகலில் கடைக்கு வந்தார். நானும் ராவுத்தரும் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. ராவுத்தர் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பியை ஆற்றி அவர் முன்னே வைத்தார். அதன் பக்கத்தில் அந்தப் புத்தகத்தையும் வைத்தார். பிறகு, மழை பெய்ததா என்று கேட்பதுபோலக் கேட்டார்:

"என்னண்ணே, சங்கர்லாலு ஆளைப் புடிச்சாரா?"

முதியவர் டம்ளரைத் தொடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடியைத் தளர்த்தி, எட்டாக மடித்த தாள்களை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தார். "புடிச்சுட்டாரு ராவுத்தரே. தோட்டத்துக் கணக்குப்புள்ள மூணு நாளு படிச்சுச் சொன்னாரு" என்றார். மறுநாள் விடியலில் மலையேற வேண்டியிருந்ததால், முடிவைக் கேட்காமல் போக மனம் வராமல், படிக்கத் தெரிந்த ஒருவர் மேலே இருப்பார் என்ற நம்பிக்கையில் முடிவையே கையோடு எடுத்துப் போயிருக்கிறார்.

அன்று மாலை ராவுத்தர் பெஞ்சியிடம், தாள்கள் பலகைக்குப் பின்னால் விழுந்து கிடந்தன என்று அறிவித்தார். நான் வாசித்தேன். கூட்டத்தில் முதியவரும் இருந்து, அறியாதவர்போல மறுபடி கேட்டார். எல்லோரும் போன பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மாமா?" என்று கேட்டேன்.

"வெத்தலை போடுறவங்க பத்துப் பேரு இருக்காங்க தம்பி. ஆனா கதை முடிஞ்ச பொறவு வர்ற விலைப்பட்டியல் தாளையும் சேத்துல்ல பிச்சிருந்துச்சு? படிக்கத் தெரிஞ்சவன் அதை ஏன் எடுக்கிறான்? படிக்கத் தெரியாதவரு, வெத்தலை போடுறவரு, மறுநாளு மலைக்குப் போனவரு. வேற யாரு?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

பாய்லருக்கு அடியில் சாம்பலைத் தள்ளிக்கொண்டே அவர் சொன்னார்: "சொல்லிப்புட்டா, நாளைக்கு அவரு எங்க தம்பி காப்பி குடிப்பாரு?"

துப்பு என்ற சொல்லைப் பற்றிப் பின்னாளில் யோசித்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. மறைந்ததைக் காட்டும் அடையாளத்துக்கு அது பெயர். பழந்தமிழில் வலிமைக்கும் அதுவே பெயர். மழையின் சிறப்பைப் பாடும் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லை உணவு என்னும் பொருளில் ஆண்டிருக்கிறார். ஒருவனுக்கு என்ன உணவு பிடிக்கும், எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று அறிவதும், அவன் செய்த பிழையை அறிவதும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள். வருஷக்கணக்காக ஒரு மனிதனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தவன், அவனை அறிவதற்காக விசாரணை செய்ய வேண்டியதில்லை. கிளேர் கோஸியின் கதைகளும் மிஸ் மார்ப்பிளின் கதைகளும் நமக்கு இதம் தருவது இதனால்தான். நம் வழக்கங்களை அன்போடு கவனித்து வைத்திருக்கிற ஒருவர் உலகத்தில் இருக்கிறார், நாம் ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவர் யோசிப்பார் என்னும் ஆறுதலையே அந்தப் புத்தகங்களில் நாம் தேடுகிறோம். கொலை அந்தக் கவனிப்பு வெளிப்படுவதற்கு ஒரு முகாந்தரம். முடிவில் பலகாரச் செய்முறை அச்சிடுவதும் பொருத்தமே. கலைந்துபோன பந்தி மறுபடி கூடிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

ஆயினும், நாவலில் வரும் துப்பறிவோர் எல்லோரையும் கூட்டிவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக் காட்டுகிறார்கள். கொலைக்கு அது நியாயம். ஆனால் மனிதர் செய்யும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை, எட்டாக மடித்த சில தாள்களைப் போன்றவை. அவற்றைக் கண்டுபிடிக்கப் புத்தி வேண்டும். கண்டுபிடித்த பின் காப்பாற்ற அதைவிட மேலான ஒன்று வேண்டும். அதை நான் எந்த நாவலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கடை இப்போது இல்லை. நான் வெளியூருக்குப் படிக்கப் போன நாளில் ராவுத்தர் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். புதிய நாவல் ஒன்றை முடித்துவிட்டு விளக்கை அணைக்குமுன், சில இரவுகளில் அதை எடுத்துப் பிரிப்பேன். கடைசித் தாள்களில் மடிப்புகள் அப்படியே இருக்கின்றன. நீவிப் பார்த்தாலும் நிமிர்வதில்லை. அவற்றுக்கு முந்திய பக்கத்தில், தையலுக்கு அருகே, அந்தச் சுண்ணாம்புத் தடம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பெருவிரலின் ஓரம் மட்டும் இன்னும் தெரிகிறது.